6174: தேவ்லாலி வாத்தியார் காப்ரேகர் கண்டுபிடித்த எண் பைனரியில் என்ன ஆகும்?

மொபைலில் கால்குலேட்டரைத் திறங்க. ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கோங்க. நாலும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. உதாரணத்துக்கு 3524. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 5432, திருப்பிப் போட்டால் 2345. கழித்தால் 3087. அதையும் அப்படியே செய்தால் 8730 – 0378 = 8352. இன்னொரு தடவை: 8532 – 2358 = 6174. அதற்கு மேல் எத்தனை முறை செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் அதிகபட்சம் ஏழே படிகளில் இங்கே வந்து நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடித்த டி.ஆர். காப்ரேகர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

மும்பைக்கு வடக்கே தஹானுவில் 1905 ஜனவரி 17 அன்று பிறந்தார். எட்டு வயதில் அம்மா இறந்துவிட, க்ளார்க்காக இருந்த அப்பா வளர்த்தார். அப்பாவுக்கு ஜோதிடப் பித்து. கணக்குப் போடும் ஆசை பையனுக்கும் ஒட்டிக்கொண்டது. புனே ஃபெர்குசன் கல்லூரியில் படித்தபோது, 1927-ல் ரேங்லர் பராஞ்ச்பே கணிதப் பரிசு கிடைத்தது. பி.எஸ்சி.யோடு படிப்பு நின்றது. 1930-ல் நாசிக் பக்கத்தில் உள்ள தேவ்லாலியில் ஆசிரியராகச் சேர்ந்து 1962 வரை அங்கேயே இருந்தார்.

இது கணிதமா, விளையாட்டா?

6174-ஐ 1949-ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் அறிவித்தார். ஆனால் இதெல்லாம் அற்பம் என்று ஒதுக்கிய இந்தியக் கணிதவியலாளர்கள் உண்டு. அப்படி ஒதுக்குவதற்கு ஒரு வாதமும் தயாராக இருந்தது. ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி, 1940-ல் வந்த தன் புத்தகத்தில் 8712, 9801 என்ற இரண்டு எண்களைக் காட்டியிருந்தார். 2178-ஐ நான்கால் பெருக்கினால் 8712, அதாவது அதே எண் தலைகீழாக. 1089-ஐ ஒன்பதால் பெருக்கினால் 9801. வேடிக்கைதான், ஆனால் கனமான கணிதம் இல்லை என்பது அவர் கருத்து.

நியாயமான சந்தேகம்தான். நமக்குப் பத்து விரல் இருப்பதால் பத்தின் அடிமானத்தில் எண்ணுகிறோம். எட்டு விரல் இருந்திருந்தால் 6174-க்கு இந்த மவுசு இருக்காது.

சரி, அடிமானத்தை மாற்றித்தான் பார்ப்போமே. பைனரியில் நான்கு இலக்கம்: 1100 – 0011 = 1001. மறுபடி அடுக்கினாலும் 1001தான். 1110 – 0111 செய்தால் 0111, அதுவும் நகராது. ஆக, ஒன்றுக்கு இரண்டு நிலையான எண்கள்.

மூன்று இலக்கத்தில் இன்னும் அழகு. நம் வழக்கமான எண்களில் எல்லாம் 495-ல் போய் முடியும். எட்டின் அடிமானத்தில் 374. ஐ.டி.க்காரர்களுக்குப் பழகிய ஹெக்ஸாடெசிமலில் 7எஃப்8. நடுவில் இருக்கும் மிகப் பெரிய இலக்கத்தை விட்டுவிட்டுப் பாருங்க: 4-5, 3-4, 7-8. அடிமானத்தின் பாதியும் அதைவிட ஒன்று குறைந்ததும். இரட்டைப்படை அடிமானம் எதுவானாலும் இப்படித்தான். ஒற்றைப்படை அடிமானத்தில் மட்டும் கணக்கு ஓர் எண்ணில் நிற்காது, இரண்டு எண்களுக்கு நடுவே மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். விரல் எண்ணிக்கையால் வந்த விநோதம் என்றால், எல்லா அடிமானத்துக்கும் இப்படி ஒரு பொது விதி எப்படி வரும்? ஹார்டி இந்த இடத்தில் கொஞ்சம் அவசரப்பட்டார் என்றுதான் தோன்றுகிறது.

ஓய்வுக்குப் பிறகு

பென்ஷன் போதவில்லை, டியூஷன் எடுத்தார். ஆனாலும் 1963-ல் புது வகை எண்களைப் பற்றித் தானே ஒரு சிறு புத்தகம் போட்டார். 21-ஓடு அதன் இலக்கங்களைக் கூட்டினால் 24. ஆகவே 24-க்கு 21 பெற்றோர். 20-க்கு அப்படிப் பெற்றோர் எந்த எண்ணும் கிடையாது. இந்த அனாதை எண்களுக்கு ஊர் பெயரையே வைத்து ‘தேவ்லாலி எண்கள்’ என்றும் சொல்வதுண்டு. நூறுக்குள் 13 இருக்கின்றன. ஒன்பதின் அடிமானத்தில் எழுதினால் ஒற்றைப்படை எண்கள் அத்தனையும் அனாதைதான், ஏனென்றால் அங்கே கூட்டுத்தொகை எப்போதும் இரட்டைப்படையாகவே வரும்.

1975-ல் அமெரிக்காவின் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகே உலகம் இவரைத் திரும்பிப் பார்த்தது. அப்போது காப்ரேகருக்கு வயது 70. 1986-ல் தேவ்லாலியில் காலமானார்.