பாலைவனச் சந்நியாசி அர்ச். சார்லஸ் தெ ஃபூக்கோ



ஏழை எளியவருக்கு உதவி செய்யவென்று தூர ஊர்களுக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. பை நிறைய மருந்தும் துணிமணியும் எடுத்துக்கொண்டு, நல்ல மனதோடு புறப்படுகிறார்கள். அது புண்ணியமான காரியமே. ஆனாலும் அப்படிப் போகிறவர்கள் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் ஒரு குக்கிராமத்துக்குப் போய் வாழ்ந்த ஒரு குருவானவர் அந்தப் பாடத்தை வியாதிப் பாயில் படுத்துக் கற்றார். அவர் சரித்திரத்தைக் கேளுங்கள்.

சார்லஸ் தெ ஃபூக்கோ 1858-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி பிரான்சு தேசத்து ஸ்திராஸ்பூர் நகரில் பிரபு குடும்பத்தில் பிறந்தார். ஆறு வயது நிறையுமுன் தாயும் தகப்பனும் ஒருவர்பின் ஒருவராய் இறந்தார்கள். தாய்வழிப் பாட்டனார் மிகுந்த பட்சத்தோடு வளர்த்தார். ஆனால் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பிள்ளை விசுவாசத்தை இழந்துவிட்டான். பிறகு இராணுவ அதிகாரியானார். கையில் வந்த பிதிரார்ஜித சொத்தை விருந்திலும் வேடிக்கையிலும் தண்ணீராய்ச் செலவழித்தார். உறவினர் நீதிமன்றம் போய் அவர் பணத்துக்குக் காவல் வைக்கும்படி ஆயிற்று.

1883-ல் அவர் யூதரைப்போல் மாறுவேடம் பூண்டு, அந்நியருக்குக் கதவடைத்திருந்த மொரோக்கோ நாட்டைச் சுற்றி ஆராய்ந்தார். அதற்காகப் பாரிஸ் பூகோள சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. பதக்கத்தைவிடப் பெரிய காரியம் வேறொன்று அங்கே நடந்தது. நாள் தவறாமல் தொழுகை செய்யும் முகமதிய ஜனங்களைக் கண்டு, கடவுள் ஒருவர் இருப்பாரோ என்ற கேள்வி அவர் மனதைக் குடைந்தது. 1886 அக்டோபர் கடைசியில் பாரிஸ் அர்ச். அகுஸ்தீன் கோயிலில் ஊவெலின் சாமியாரிடம் பேசப் போனார். சாமியாரோ அவரை முழந்தாளிடச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வித்து, அன்றே நற்கருணையும் வழங்கினார். அந்த நேரமுதல் அவர் சர்வேசுரனுக்கே சொந்தமானார்.

1890-ல் திராப்பிஸ்து மடத்தில் சேர்ந்தார். சிரியா தேசத்து ஏழை மடம் ஒன்றில் சில வருஷம் இருந்தார். 1897-ல் அதையும் விட்டு, நாசரேத்தூரில் கிளாரா சபைக் கன்னியர் மடத்துக்கு வேலைக்காரனாய்ப் போனார். முப்பது வருஷம் ஊர்பேர் தெரியாமல் தச்சுவேலை செய்த சேசுநாதரின் நாசரேத்து வாழ்வே அவருடைய ஆசை. 1901 ஜூன் 9-ந் தேதி குருப்பட்டம் பெற்று, அல்ஜீரியாவின் எல்லையிலுள்ள பெனி அப்பேஸ் என்னும் இடத்தில் குடியேறினார். அங்கே அடிமைகள் சிலரை விலை கொடுத்து மீட்டார். அடிமை வியாபாரத்தைக் கண்டும் காணாமல் இருந்த தம் நாட்டு அதிகாரிகளைக் கண்டித்து எழுதினார்.

1905 மே மாதம் அங்கிருந்து தெற்கே புறப்பட்டு, மூன்று மாதத்துக்கு மேல் வழிநடந்து, ஆகஸ்டு 13-ந் தேதி ஹோகார் மலைநாட்டில் தமன்ராசெத் என்னும் ஊருக்கு வந்துசேர்ந்தார். இன்று பெரிய நகரமாயிருக்கும் அந்த இடம் அன்று இருபது குடிசை மாத்திரமே உள்ள கிராமம். சுற்றிலும் கல்லும் மணலும். அங்கே ஆடு ஒட்டகம் மேய்க்கும் துவாரெக் ஜனங்களும், கொஞ்ச நிலம் பயிரிடும் ஏழைக் குடியானவர்களும் இருந்தார்கள். எல்லாரும் முகமதியர். குருவானவர் ஒருவரும் இல்லை, கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை.

அவரை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முன்தான் பிரெஞ்சுப் படை அந்த ஜனங்களைச் சண்டையில் தோற்கடித்திருந்தது. இவரும் பிரெஞ்சுக்காரர், வந்ததும் ஒரு படைப்பிரிவின் துணையோடுதான். ஆகையால் ஊரார் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமில்லை. அவர்கள் தலைவரான மூசா அக் அமாஸ்தான் சம்மதம் கொடுத்ததால், கல்லும் மண்ணும் கொண்டு ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டார். வெள்ளை அங்கி, அதன் மார்பில் சிவப்புத் துணியில் ஓர் இருதயம், அதன்மேல் சிலுவை: இதுவே அவர் உடை. மருந்து கொடுத்தார். பெண்களுக்குத் தையல் ஊசி கொடுத்தார். அவர்கள் பாஷையைக் கற்கத் தொடங்கினார். பிரசங்கம் செய்யவில்லை, தம் நடக்கையே பேசட்டும் என்றிருந்தார்.

எல்லாம் நல்லதே. ஆனாலும் கவனியுங்கள்: கொடுக்கிறவர் எப்போதும் அவர், வாங்குகிறவர் எப்போதும் ஊரார். கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே. இப்படியிருக்கும்வரை விருந்தாளி விருந்தாளியாகவே இருப்பான். அண்டை வீட்டுக்காரன் ஆகமாட்டான்.

1907-ல் கொடிய பஞ்சம் வந்தது. பதினேழு மாதமாய் மழையில்லை. புல் கருகி, ஆடுகளின் மடி வற்றியது. பாலையே பெரும்பாலும் நம்பி வாழ்ந்த ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அவர் தம்மிடமிருந்த தானியத்தைப் பசித்த பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். உடலின் பசியோடு இன்னொரு பசியும் அவரை வாட்டிற்று. உதவி செய்ய ஒருவராவது இல்லாமல் குருவானவர் தனியே பூசை செய்யக்கூடாது என்பது அக்காலத்துத் திருச்சபைச் சட்டம். அந்த ஊரில் அவர் ஒருவரே கிறிஸ்தவர். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் திருநாளிலும் பூசையில்லை. மனந்திரும்பினது முதல் பூசையில்லாத கிறிஸ்துமஸ் அவருக்கு அதுவே.

1908 ஜனவரி 20-ந் தேதி படுக்கையில் விழுந்தார். சற்று அசைந்தாலும் மூச்சுத் திணறியது. சாவு சமீபித்தது என்றே எண்ணினார். மருந்துப் பெட்டி பக்கத்திலிருந்தும் பலனில்லை. கொடுப்பதற்கு அவர் கையில் ஒன்றுமில்லை.

அப்போது அந்த ஏழை ஜனங்கள் செய்ததைக் கேளுங்கள். சுற்றிலும் நாலு கிலோமீட்டர் தூரம் தேடிப்போய், அந்தப் பஞ்சத்திலும் கொஞ்சமாவது பாலிருந்த ஆடுகளைக் கண்டுபிடித்துக் கறந்து கொண்டுவந்து அவருக்கு ஊட்டினார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே போதாத பால் அது! அவர் மறுக்கவில்லை. வாங்கிக் குடித்தார், பிழைத்தார். அவர்களை இரட்சிக்க வந்தவரை அவர்களே காப்பாற்றினார்கள். அம்மாத முடிவில், தனியே பூசை செய்ய உரோமையிலிருந்து உத்தரவு கிடைத்த செய்தியும் வந்தது. மறுநாளே பூசை செய்தார்.

அதுமுதல் அந்த ஊரும் அவரும் ஒருவருக்கொருவர் கடன்பட்ட சொந்தக்காரர் ஆனார்கள். அவர்களுடைய பாட்டுகளை ஆயிரக்கணக்கான அடிகளாய் எழுதிச் சேர்த்தார். அவர்கள் பாஷைக்குப் பெரிய அகராதி எழுதினார். அது அவர் இறந்தபின், 1951-52-ல் நான்கு பாகங்களாக, 2,000 பக்கத்துக்கு மேல் அச்சாயிற்று. ஒரு ஜனத்தின் பேச்சை ஒரு வார்த்தையும் சிந்தாமல் பொறுக்கிச் சேர்ப்பதற்கு எவ்வளவு மரியாதை மனதில் இருக்கவேண்டும்! 1913-ல் ஊக்சேம் என்னும் துவாரெக் வாலிபனைப் பிரான்சுக்கு அழைத்துப்போய்த் தம் உறவினர் வீடுகளில் விருந்தாளியாய் உட்காரவைத்தார்.

முதல் உலக யுத்தக் காலத்தில் கொள்ளைக் கூட்டங்கள் வருமென்ற பயத்தால், ஊராருக்கு அடைக்கலமாக ஒரு சிறு கோட்டை கட்டி அதில் இருந்தார். 1916 டிசம்பர் 1-ந் தேதி, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. ஆயுதம் தாங்கிய கூட்டம் ஒன்று வந்து அவரைப் பிடித்துக் கட்டியது. காவல் நின்ற வாலிபன் கலவரத்தில் சுட்டுவிட, அவ்விடத்திலேயே உயிர்விட்டார். மூசா தலைவர் தம் மதத்திலேயே நிலைத்திருந்தவர். ஆனாலும் சார்லசின் சகோதரிக்குக் கடிதம் எழுதி, தாம் அழுததாகவும், பரலோகத்தில் அவரைச் சந்திக்க ஆசிப்பதாகவும் தெரிவித்தார்.

அவர் சாகும்போது சீஷர் என்று ஒருவரும் கூட இல்லை. பதினொரு வருஷ உழைப்பில் அங்கே ஒரு பங்கு உண்டாகவில்லை. விதை மண்ணுக்குள் கிடந்தது. 1933-ல் சேசுவின் சிறிய சகோதரர் சபையும், 1939-ல் சேசுவின் சிறிய சகோதரிகள் சபையும் அவர் வழியைப் பின்பற்றி எழும்பின. 2022 மே 15-ந் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். நம்முடைய வேதசாட்சி தேவசகாயம் பிள்ளைக்கும் அதே நாளில், அதே பூசையில் அந்த மகிமை கிடைத்தது என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

பிரியமானவர்களே! தொண்டு செய்யப் போகும்போது கொடுப்பதற்கு மட்டும் ஆயத்தமாய்ப் போகாதீர்கள். ஏழை ஒருவன் தன் குடிசையில் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தால், வேண்டாம் என்று கைகாட்டிவிடாதீர்கள். அவன் பேச்சைக் கேளுங்கள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். கிணற்றண்டை சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட நம் ஆண்டவரும் கேட்டு வாங்கினவரே அல்லவா? வீட்டிலும் அப்படியே. பிறருக்கு உழைத்தே பழகின தாய்மாரும் தகப்பன்மாரும் வியாதியில் விழும்போது, மக்கள் கொடுக்கும் கஞ்சியைக் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளட்டும். அதுவும் பிறர்சிநேகமே.

டிசம்பர் 1-ந் தேதி அவருடைய திருநாள். அன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும், அந்தப் பஞ்சக் காலத்தில் தங்கள் பாலைக் கொடுத்த ஊராருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.