கடனுக்குப் போன அச்சுக்கூடம்

நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பெயர் இன்றும் தடித்த கோடுகளும் கூரிய முனைகளும் கொண்ட பழைய எழுத்தில்தான் அச்சாகிறது. பிளாக்லெட்டர் எனப்படும் அவ்வகை எழுத்தைப் பட்டச் சான்றிதழ்களிலும் காணலாம். பழைமையும் நம்பகமும் தோன்ற வேண்டிய இடங்களில் அதை நாடுகிறார்கள். ஐரோப்பாவில் அதை உலோகத்தில் வார்த்து நூல் அச்சிட்ட முன்னோடி ஜோகன்னஸ் குட்டன்பர்க். அவரது வாழ்வை, பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், ஒரு கடனின் வரலாறாகவே நான் படிக்கிறேன்.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 1400-ஐ ஒட்டி, வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஸ்ட்ராஸ்பர்கில் வாழ்ந்தபோது கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, யாத்திரிகர்களுக்கான சிறு உலோகக் கண்ணாடிகள் செய்யும் தொழிலில் இறங்கினார். பின்னர் மைன்ஸ் திரும்பி, 1450-ல் யோகான் ஃபுஸ்ட் என்ற செல்வந்தரிடம் 6 விழுக்காடு வட்டிக்கு 800 கில்டர் கடன் பெற்றார். அச்சுக் கருவிகளே ஈடு. 1452-ல் ஃபுஸ்ட் மேலும் 800 கில்டர் தந்து கூட்டாளியானார்.

அப்பணத்தின் பெரும்பகுதியை விழுங்கியது பைபிள் பதிப்பு. அன்றைய வாசகருக்கு நூல் என்றால் கையெழுத்துச் சுவடிதான். ஆகவே, தேவாலய நூல்களை எழுதியோர் கையாண்ட டெக்ஸ்டுரா என்னும் பிளாக்லெட்டர் வடிவத்தையே குட்டன்பர்க் தேர்ந்தார். நெசவைக் குறிக்கும் லத்தீன் பெயர் அது. பக்கமும் நெய்த துணிபோலவே சீராகத் தோன்றும். பக்கத்துக்கு இரு பத்திகள். பெரும்பாலான பக்கங்களில் பத்திக்கு 42 வரிகள். வரியின் முடிவுகள் ஒரே நேர்கோட்டில் நிற்க, ஒரே எழுத்தையே பல அகலங்களில் செய்தார். கூட்டெழுத்துகளும் சுருக்கக் குறிகளும் சேர்த்தார். இவ்வாறு ஏறத்தாழ 290 வகை அச்செழுத்துகள் தேவைப்பட்டன. 26 எழுத்துகளை வார்த்துச் செலவைச் சுருக்கியிருந்தால் அந்த அழகு வாய்த்திராது. சுமார் 180 படிகளுக்கான உலோகம், காகிதம், தோல், கூலி என, நூல் முழுமையடையும்வரை முதல் முடங்கிக் கிடந்தது.

பணி நிறைவுற்ற காலத்தையொட்டி, 1455-ல், வட்டியுடன் 2,026 கில்டர் கேட்டு ஃபுஸ்ட் வழக்காடினார். தீர்ப்பு பெரிதும் அவருக்கே சாதகமானது. கருவிகளும் அவர் கைக்குப் போயின என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. குட்டன்பர்க்கின் பட்டறையில் பணியாற்றிய பீட்டர் ஷோஃபர் ஃபுஸ்ட்டின் பக்கம் நின்றார். 1457-ல் வெளிவந்த புகழ்பெற்ற சங்கீத நூலில் அவ்விருவர் பெயரும் அச்சாயின. குட்டன்பர்க்கின் பெயரோ அவர் அச்சிட்ட எந்த நூலிலும் இல்லை. 1465-ல் மைன்ஸ் பேராயர் அவருக்கு ஆண்டுதோறும் தானியமும் மதுவும் ஆடையும் அளிக்க ஏற்பாடு செய்தார். 1468-ல் அவர் மறைந்தார்.

ஃபுஸ்ட்டை வில்லனாக்க நான் விரும்பவில்லை. எவரும் செய்து பார்க்காத தொழிலில் பெரும்பணம் போட்டவர் அவர். பிழை கடனின் கால அளவில் இருந்தது. சரக்கு சந்தையில் விலையாகிக் காசாக மாறுமுன் கடன் திரும்ப வேண்டுமென்றால், உழைப்பின் பயன் ஈடு பிடித்தவரையே சேரும். புதுத் தொழில்களுக்குக் கடன் திட்டம் வகுப்போர் வட்டி விகிதத்தோடு இந்தக் கால அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.