குறி பாதி தப்பினால் ஆபத்து முழுசு!
(புலி வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சனின் கதை)



வேடன் என்றதும் நம்ம செவிலிமேட்டுக்காரங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சாலைக்கிணறு கதைதான். காட்டில் வழி தெரியாமல் நின்ற இராமானுஜருக்கு ஒரு வேடனும் வேடுவச்சியும் வழிகாட்டினாங்க என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். இந்த இதழில் நாம் பார்க்கப்போவது வேறு ஒரு வேட்டைக்காரரை. இவர் நடந்த காடுகள் நமக்கு ரொம்ப தூரமில்லை. ஒகேனக்கல், ஏலகிரி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி! சுற்றுலா போகும்போது பஸ் ஜன்னல் வழியா நாம் பார்க்கிற மலைகள்தான்.

யார் இவர்?

கென்னத் ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி ஐதராபாத் பக்கத்தில் பொலாரம் என்ற ஊரில் பிறந்தார். ஸ்காட்லாந்து வம்சம். ஆனால் பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்த குடும்பம். அவருடைய அப்பா ராணுவச் சம்பளக் கணக்கு அலுவலகத்தில் அதிகாரி. அவருக்கும் வேட்டையில் ஆசை உண்டு. மகனுக்குக் காட்டுப் பைத்தியம் பிடித்தது அப்படித்தான். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் படித்தார். பிறகு அங்கேயே விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். லீவு கிடைத்தால் போதும், காட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

தமிழும் கன்னடமும் பேசுவார். அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவர்கள் பெரிய துரைமார்கள் இல்லை. சின்னாறு ஓரத்துக் காட்டில் வாழ்ந்த பைரா என்ற பழங்குடி நண்பர், பென்னாகரத்து ரங்கா போன்றவர்கள்தான். எந்தச் சருகு எப்போது மிதிபட்டது, எந்தக் குரங்கு எதைப் பார்த்துக் கத்துகிறது என்பதெல்லாம் பைராவுக்கு அத்துப்படி. ஆண்டர்சன் அவரை நண்பராகவே மதித்துத் தன் புத்தகங்களில் எழுதி வைத்தார்.

புலி ஏன் மனிதனைத் தின்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. புலி பிறக்கும்போதே ஆட்கொல்லியாகப் பிறப்பதில்லை. மனிதனைக் கண்டால் ஒதுங்கிப் போவதுதான் அதன் குணம். காலில் காயம், பல்லில் உடைசல், வயசான தளர்ச்சி என்று ஏதாவது வந்து, மானை விரட்ட முடியாமல் போகும்போதுதான் மெதுவாக ஓடுகிற இரையைத் தேடுகிறது. அந்த இரை நாம்தான்!

வடக்கே குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் 1907-இல் சுட்டுக்கொன்ற சம்பாவத் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வாயைத் திறந்து பார்த்தால் வலது பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. எப்பவோ யாரோ சுட்ட குண்டு! சரியாகச் சுடாத ஒருத்தருடைய அவசரத்துக்கு 436 குடும்பங்கள் அழுதன.

நம்ம பக்கம் ஜவளகிரியிலும் இதே கதைதான். தன் ஜோடியைப் பறிகொடுத்த ஒரு பெண்புலி அதைக் கூப்பிட்டபடி காட்டில் அலைந்தது. ஒரு இளம் வேட்டைக்காரர் அதைச் சுட்டார். குண்டு பட்டது, ஆனால் உயிர் போகிற இடத்தில் படவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் புலி ஆட்களைத் தூக்க ஆரம்பித்தது. கடைசியில் அதைச் சுடும் பொறுப்பு ஆண்டர்சனுக்கு வந்தது. ஆண்புலி மாதிரி அவர் குரல் கொடுக்க, ஜோடிதான் கூப்பிடுகிறது என்று நம்பி அது வந்தது. சுட்டார். ஊர் பிழைத்தது. ஆனாலும் படிக்கும்போது நமக்கு அந்தப் புலி மேலே பரிதாபம் வராமல் இருக்காதுங்க.

தளி பக்கம் கும்மளாபுரத்துச் சிறுத்தை சுமார் 42 பேரைக் கொன்றது. அதன் பாதத்தில் முள்ளம்பன்றி முள் ஏறி இருந்தது. வேட்டையாட முடியாத வலி. அந்த வேட்டையில் ஆண்டர்சன் ராத்திரி குடிசையில் காத்திருந்தபோது ஒரு தெருநாய்க்குட்டி அவரோடு ஒட்டிக்கொண்டது. சிறுத்தை வருவதை முதலில் கண்டுபிடித்து உறுமியது அந்தக் குட்டிதான்! பிறகு அதைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய் வளர்த்தார்.

எந்தத் துப்பாக்கி?

பெரிய துப்பாக்கி இருந்தால் யார் வேண்டுமானாலும் புலியைச் சுடலாம் என்று நாம் நினைப்போம். அது தப்பு. துப்பாக்கி வேலைக்குத் தகுந்ததாக இருக்கணும், அதைவிட, தூக்குகிறவன் தோளுக்குப் பழகினதாக இருக்கணும்.

ஆண்டர்சன் நம்பியது .405 வின்செஸ்டர் ரைபிள். அமெரிக்காவில் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895 மாடல். அந்த .405 தோட்டா 1904-இல் வந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனபோது இதே வகை ரைபிளைத்தான் கொண்டுபோனார்.

இதில் என்ன விசேஷம்? குண்டின் எடை ஏறக்குறைய 19 கிராம். வேகம் நொடிக்குச் சுமார் 670 மீட்டர். 200 கிலோ வரை எடையுள்ள புலியின் தோள் எலும்பைத் தாண்டி உள்ளே போக இந்த எடை வேணும். சின்னக் குண்டு காயம்தான் பண்ணும், காயப்பட்ட புலி என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே!

அந்தக் காலத்துப் பணக்கார வேட்டைக்காரர்கள் இரட்டைக்குழல் ரைபிள் வைத்திருப்பார்கள். இரண்டு குண்டு உடனுக்குடன் சுடலாம், ஆனால் விலை யானை விலை! வின்செஸ்டரில் ஒரே குழல்தான். கீழே இருக்கிற நெம்புகோலை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். உள்ளே 4, குழலில் 1, மொத்தம் 5 தோட்டா. சம்பளக்காரர் ஒருவருக்கு இதுவே சரியான ஆயுதம். வருஷக்கணக்கில் அதையே பிடித்ததால் இருட்டிலும் கை தானாக வேலை செய்யும்.

சுடுவதற்கு முன்னாடி...

நம்ம தெருவில் பட்டு நெய்கிறவர்களைக் கேளுங்க. தறியில் உட்கார்வதற்கு முன்னாடியே பாதி வேலை முடிந்திருக்கணும் என்பார்கள். சாயம் போடணும், பாவு ஓடணும், பாவு பிணைக்கணும், ஜரிகை பார்க்கணும். அதில் தப்பு விட்டால் புடவை முழுக்கத் தெரியும். வேட்டையும் அப்படித்தான்.

ஊரில் விசாரிப்பது முதல் வேலை. எங்கே, எந்த நேரத்தில், எந்தப் பாதையில் ஆள் போனார் என்று கேட்பார். பிறகு கால்தடம். ஆணா பெண்ணா, நொண்டுகிறதா என்று பார்ப்பார். தப்பான புலியைச் சுட்டால் ஒரு அப்பாவி சாகும், ஆட்கொல்லி மிச்சமிருக்கும்.

அடுத்து மரத்தில் பரண் கட்டுவது, புலி வருவதற்காக எருமைக்கன்று கட்டுவது. ரைபிள் குழலில் டார்ச் லைட் பொருத்துவார். அது கெட்டுப்போனால் என்று இன்னொரு டார்ச். பிளாஸ்கில் டீ, கொஞ்சம் சப்பாத்தி, தண்ணீர். பைப் புகைப்பவர்தான், ஆனால் பரணில் தொடமாட்டார். புலிக்கு மோப்பம் மட்டு என்று கார்பெட்டும் ஆண்டர்சனும் எழுதினார்கள், ஆனால் கண்ணும் காதும் பயங்கரக் கூர்மை. அதனால் கொசு கடித்தாலும் அசையக்கூடாது. பன்னிரண்டு மணி நேரம்! பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரம் உட்காரவே நமக்கு முடியலையே!

எல்லாவற்றையும் விடப் பெரிய விதி ஒன்று உண்டு. காயப்பட்ட மிருகத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வரக்கூடாது. ரத்தச் சுவட்டைப் பிடித்துப் புதருக்குள் போயே ஆகணும். ஒரு குண்டு சுட்டவனுக்கு அந்தப் பொறுப்பு முடிவு வரைக்கும் உண்டு.

துப்பாக்கியைக் கீழே வைத்தார்

1939 முதல் 1966 வரை அரசுப் பதிவேட்டின்படி ஆண்டர்சன் சுட்ட ஆட்கொல்லிகள் 8 சிறுத்தைகள், 7 புலிகள். இளமையில் விளையாட்டு வேட்டையும் ஆடினவர்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் காடு சுருங்குவதையும் மிருகம் குறைவதையும் கண்ணால் பார்த்த பிறகு மனசு மாறியது. பிற்காலத்தில் கேமராவைத் தூக்கினார். காட்டைக் காப்பாற்றணும் என்று எழுதினார். முதல் புத்தகம் 1954-இல் வந்தது. 1974 ஆகஸ்ட் 30-இல் பெங்களூரில் காலமானார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னாடிதான் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது.

இன்று?

2021-இல் நீலகிரி மசினகுடி பக்கம் டி-23 என்ற புலி 4 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டது. ஆண்டர்சன் ஒரு காலத்தில் ஆட்கொல்லியைத் தேடி அலைந்த அதே சீகூர்ப் பகுதிதான்! கொல்லாமல் பிடிக்கப் பாருங்கள் என்பது உயர் நீதிமன்றத்தின் நிலை. வனத்துறையும் பழங்குடித் தடம் பார்ப்பவர்களும் கும்கி யானைகளும் மோப்ப நாய்களும் டிரோன்களும் சேர்ந்து மூன்று வாரம் தேடினார்கள். அக்டோபர் 15-இல் மயக்க ஊசித் துப்பாக்கியால் பிடித்தார்கள். உடம்பில் காயங்கள் இருந்தன. மைசூருக்குக் கொண்டுபோய் சிகிச்சை கொடுத்தார்கள்.

பார்த்தீர்களா! தோட்டா போய் ஊசி வந்தாலும் தயாரிப்பு மாறவில்லை. சரியான புலியா என்று பார்க்கணும், எடையை மதிப்பிட்டு மருந்து அளக்கணும், ஊசி பட்ட பிறகும் விடாமல் பின்னாடி போகணும்.

ஜவளகிரிக் காடு 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தில் சேர்க்கப்பட்டது. அந்தப் பெண்புலி ஜோடியைக் கூப்பிட்டு அலைந்த இடத்தில் இனி துப்பாக்கி வெடிக்கக்கூடாது என்பது சட்டம்.

நண்பர்களே! கையில் எது இருந்தாலும், அது ரைபிளோ, பேனாவோ, தறி நாடாவோ, அரைகுறையாகப் பழகி அவசரமாகப் பயன்படுத்தினால் அடிபடுவது வேறு யாரோ. பழகுவோம், பொறுப்போம், தொடங்கினதை முடிப்போம்.

காட்டை நேசிப்போம்! புலியைக் காப்போம்!