ஓவியர் ஜாமினி ராய்

வங்க நாட்டின் மேற்கே பாங்குரா மாவட்டத்தில் பேலியாதோர் என்னும் சிற்றூர் உள்ளது. அம்மாவட்டம் செம்மண் நிலத்திற்கும் சுடுமண் குதிரைகளுக்கும் பெயர் பெற்றது. அவ்வூரில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் 1887ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் ஜாமினி ராய் பிறந்தார். குயவர் வனையும் பாவைகளையும், படச்சுருள் ஏந்திக் கதை பாடி வரும் பட்டுவர்தம் வண்ணங்களையும் கண்டு வளர்ந்தார்.

பதினாறாம் வயதில் கல்கத்தா அரசினர் கலைப்பள்ளியில் சேர்ந்து, 1908இல் பட்டயம் பெற்றார். மேனாட்டு முறையில் எண்ணெய் வண்ணங்கொண்டு உருவப்படம் எழுதுவதில் அவர் வல்லவரானார். செல்வர் பலர் அவரை நாடினர். பொருள் வந்ததேயன்றி மனநிறைவு வரவில்லை. தாம் எழுதுவன யாவும் இரவல் கலையே என்னும் எண்ணம் அவரை வருத்தியது. 1920களில், மனைவி மக்களோடு வாழும் குடும்பத்தலைவராயிருந்தும், கைவந்த அத்தொழிலைத் துறந்தார். வருவாய் குன்றியது, வறுமை வாயிலில் வந்து நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்கத்தாவின் காளிகாட்டுக் கோயிலருகே, வழிபட வருவோர்க்குச் சிறுகாசுக்கு விற்கப்பெற்ற படங்கள் அவருக்கு வழிகாட்டின. மையால் இழுத்த தடித்த வளைகோடு, தட்டையான நிறப்பூச்சு, அகன்ற மீன்விழி: இவற்றைத் தமதாக்கிக் கொண்டார். கடை வண்ணங்களைக் கைவிட்டார். காவிக்கல்லின் தூள், சாதிலிங்கம், அவுரி நீலம், ஆற்று வண்டல், சுண்ணம் ஆகியவற்றைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்தார். ஏழே நிறங்கள் அவருக்குப் போதியனவாயின! விளக்குக்கரி கொண்டு புறக்கோடு தீட்டினார். சீலையின் இடத்தைத் துணியும் பலகையும் பாயும் பெற்றன.

அவர் எழுதியவை அரண்மனைக் காட்சிகள் அல்ல. குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய், முழவு கொட்டும் சந்தாலர், கைகோத்து ஆடும் மகளிர், கொல்லன், குதிரை, பூனை ஆகியோரும் ஆகியனவுமே அவர்தம் நாயகர். பூனைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காளிகாட்டு ஓவியர், நெற்றியில் சமயக்குறி தீட்டிய பூனை ஒன்று வாயில் மீனைக் கவ்வியிருப்பதாக எழுதிப் போலித்துறவியரை எள்ளினர். நம் நாட்டிலும் மாமல்லபுரத்துப் பாறையில் எலிகள் சூழத் தவம் புரியும் பூனையைக் காணலாம். உருத்திராட்சப் பூனை என்னும் வழக்கும் நம்மிடம் உண்டன்றோ? ஜாமினியின் பூனைகளோ இரண்டு சேர்ந்து ஒரு பெரிய இறாலைப் பற்றிக்கொண்டு, ஒன்றும் அறியாதனபோல் நம்மை நோக்குகின்றன. அவ்விழிகளைக் கண்டு சிரியாதார் அரியர்.

ஓவியம் எளியவர் வீட்டுச் சுவரிலும் விளங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின் குறைந்த விலைக்கே விற்றார். ஒரே படத்தைப் பலமுறை எழுதினார். மக்களும் அப்பணியில் துணைநின்றனர். இதனைக் குறைகூறினாரும் உளர். குயவன் ஒரு பானையோடு நிறுத்துவதில்லை என்பதை அவர்கள் மறந்தனர் போலும்.

1946இல் இலண்டனிலும் 1953இல் நியூயார்க்கிலும் அவர்தம் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார். நான்காண்டுகள் கழித்து, அவர்தம் படைப்புகள் நாட்டின் கலைச்செல்வங்கள் என அறிவிக்கப்பெற்றன. சிறுவிலைக்கு எவர் கைக்கும் சென்ற அப்படங்களை, இன்று எவ்விலை கொடுத்தும் நாட்டின் எல்லை கடந்து விற்றல் இயலாது.