ரேடியோ 70 ரூபாய், கார் 2,000 ரூபாய்: ஜி.டி.நாயுடு போட்ட கணக்கு என்ன ஆனது?

கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பெயர் சூட்டப்பட்டது. அதில் தினமும் போகிற பலருக்கு அவரை ‘இந்தியாவின் எடிசன்’ என்ற பட்டப்பெயரோடு மட்டும்தான் தெரியும். ஆனால், கருவியைச் செய்வதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. சாமானியர் வாங்கும் விலைக்கு அதைத் தர முடியுமா என்றும் பார்த்தார்.

யார் இவர்?

கோபால்சாமி துரைசாமி நாயுடு, 1893 மார்ச் 23-ல் சூலூர் அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு சரி. ஊர்ப்பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும், மாடு இல்லாமல் வண்டி எப்படி ஓடுது என்ற கேள்வி அவரை விடவில்லை. கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். அக்கு அக்காகக் கழற்றி, மறுபடி மாட்டினார். அதுதான் அவருக்குக் கல்லூரி.

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி - பழனி தடத்தில் தானே ஓட்டினார். அது வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யுஎம்எஸ்) ஆனது. பஸ்ஸில் வந்த பணம் பட்டறைக்குப் போனது. மின்சார ஷேவிங் ரேசர், மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவு எந்திரம் எனப் பட்டியல் நீண்டது. 1937-ல் டி.பாலசுந்தரத்துடன் சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தார். பைகாரா மின்சாரம் வந்து மில்கள் பெருகியிருந்த கோவைக்கு, அது அப்போது ரொம்பவே தேவைப்பட்ட பொருள்.

70 ரூபாய் ரேடியோ

சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் வானொலி நிலையங்கள் வந்துவிட்டன. ஆனால் ரேடியோ பெட்டி வசதியான வீடுகளில்தான் இருந்தது. 1941-ல், 5 வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இங்கேயே தயாரிக்க முடியும் என்று நாயுடு அறிவித்தார்.

வால்வுக்கு என்ன வேலை? நிலையத்திலிருந்து கிளம்பும் அலை, வீட்டு ஏரியலுக்கு வரும்போது மிகமிகப் பலவீனமாகிவிடும். அதைக் கொண்டு ஸ்பீக்கரை ஓட்ட முடியாது. வாய்க்கால் மடையைக் கொஞ்சம் அசைத்தாலே தண்ணீரின் வேகம் மாறுகிற மாதிரி, வால்வுக்குள் இருக்கும் கம்பி வலைக்கு வரும் சின்ன சிக்னல், பெரிய மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். இப்படித்தான் சிக்னல் பெருகுகிறது.

அந்தக் காலத்து வழக்கமான 5 வால்வு செட்டில், முதல் வால்வு வேண்டிய நிலையத்தின் அலைவரிசையை மாற்றித் தரும். இரண்டாவது அதைப் பெருக்கும். மூன்றாவது அதிலிருந்து ஒலியைப் பிரிக்கும். நான்காவது ஸ்பீக்கருக்கு வலு கொடுக்கும். ஐந்தாவது ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும். ஐந்தும் சேர்ந்தால்தான் வீட்டில் பாட்டு கேட்கும்.

ஏன் நின்றது?

கருவி செய்வதைவிட அனுமதி வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. 1952-ல் பெட்ரோலில் ஓடும் இரண்டு பேர் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசு லைசென்ஸ் கிடைக்கவில்லை, தயாரிப்பு நின்றது. எதைத் தயாரிக்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை அரசு தீர்மானித்த காலம் அது. அந்நியச் செலாவணியைக் காக்கவும் தொழில்களை முறைப்படுத்தவும் வந்த விதிகள், சொந்தப் பட்டறையில் கார் செய்தவரையும் சேர்த்தே தடுத்தன.

படிப்பு விஷயத்திலும் இதே மோதல்தான். அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாயின. அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி). 1945-ல் முதல்வராக இருந்த நாயுடு, பொறியியலுக்கு நான்கு வருஷம் எதுக்கு, இரண்டே போதும் என்றார். அரசு ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார்.

1967-ல் அவர் பெயரில் தொழிற்கண்காட்சி அமைக்கப்பட்டது. 1974 ஜனவரி 4-ல் நாயுடு காலமானார். அவர் செய்த கருவிகளை அவிநாசி சாலையில் உள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். சாமானியர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் விலை போட்டவற்றில் பல, கடைசிவரை அந்த வீடுகளுக்குப் போகவில்லை.