ஒன்று விழுந்தாலும் நிற்கும் கணக்கு

பழுதாகக்கூடிய பாகங்களைக் கொண்டு நம்பத்தக்க இயந்திரம் ஒன்றைச் செய்யலாமா? இந்தக் கேள்வியைக் கணக்காக்கியவர் ஜோன் வொன் நியூமன்.

1903 டிசம்பர் 28இல் புடாபெஸ்ட் நகரில், யூத வங்கியாளர் ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். சூரிச்சில் இரசாயனப் பொறியியல் பட்டமும், புடாபெஸ்டில் கணிதத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1930இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குச் சென்றார். நாஜிகள் ஜேர்மனியில் ஆட்சியைப் பிடித்த 1933இல் அங்கேயே உயர் ஆய்வு நிறுவகத்தில் பேராசிரியரானார். 1937இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. 1939இல் தாயும் சகோதரர்களும் வந்து சேர்ந்தனர். 1944இல் ஹங்கேரி யூதர்களுக்கு நேர்ந்ததை நினைத்தால், அந்தப் பயணத்தின் பெறுமதி நமக்கு விளங்கும்.

நாகசாகியில் போடப்பட்ட அணுகுண்டின் உள்வெடிப்பு முறைக்கு அவருடைய கணிதம் உதவியது. அதையும் பதியாமல் அவருடைய வாழ்க்கை ஏட்டை மூட முடியாது.

1944இல் எனியாக் கணினித் திட்டம் அவருக்கு அறிமுகமானது. சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட இயந்திரம் அது. குழாய் ஒன்று எரிந்தாலே விடை பிழைத்துவிடலாம். மனித மூளையோ நரம்புக் கலங்கள் பல செத்தும் எழுபது ஆண்டுகள் ஓடுகிறது. இந்த வேறுபாடு அவரை விடவில்லை. 1952இல் கலிபோர்னியாவில் ஆற்றிய விரிவுரைகளில் விடை ஒன்றை முன்வைத்தார். அது 1956இல் அச்சில் வந்தது.

கணக்கு எழுதும் நமக்கு அந்த விடை அந்நியமல்ல. இரட்டைப் பதிவில் பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் பிழை உண்டென்று தெரியும். எந்தப் பக்கம் பிழை என்று தெரியாது. அதே கணக்கை மூன்றாவது ஒருவரும் தனியாகச் செய்திருந்தால், இருவர் ஒத்துப்போகும் விடையை எடுக்கலாம். வொன் நியூமனும் பிரதிகளை வைத்துப் பெரும்பான்மை பார்த்தார். பெரும்பான்மை பார்க்கும் பாகமும் பழுதாகும் என்பதையும் கணக்கில் சேர்த்ததுதான் அவருடைய சிறப்பு. மூன்றில் இரண்டைப் பார்க்கும் பாகம் ஆறில் ஒரு தடவைக்கு மேல் தவறினால் இந்த முறை கைகொடுக்காது என்று காட்டினார். அந்த எல்லைக்குள் நின்றாலும், உயர்ந்த நம்பகத்துக்கு ஆயிரக்கணக்கான பிரதிகள் தேவைப்பட்டன.

இன்று முக்கிய சேவைகளின் மென்பொருளை மூன்று அல்லது ஐந்து சேர்வர்களில் ஓடவிடுவதன் பின்னும் இதே பெரும்பான்மைக் கணக்கு இருக்கிறது. ஒரு சேர்வர் நூற்றுக்கு ஒரு பங்கு நேரம் நின்றுவிடுகிறது என்று வைப்போம். ஆண்டுக்குச் சுமார் 88 மணித்தியாலம் சேவை இல்லை. மூன்றை வைத்து, இரண்டு இயங்கினால் போதும் என்றால், அது சுமார் இரண்டரை மணித்தியாலமாகக் குறையும். ஆனால் இது இலவசமல்ல. மூன்று இயந்திரங்களுக்குச் செலவு. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டாவது சேர்வரின் சம்மதம் வரும்வரை தாமதம். எத்தனை பிரதி, எவ்வளவு தாமதம் என்பதை முன்கூட்டியே கணக்கிடுவதுதான் பொறியியலாளர் வேலை.

இரண்டரை மணித்தியாலம் என்பதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: மூன்றும் தனித்தனிக் காரணங்களால் பழுதாக வேண்டும். ஒரே அறையில் வைத்தால் ஒரே தீயில் மூன்றும் போகும். ஒரே மென்பொருள் பிழை மூன்றையும் ஒன்றாகச் சாய்க்கும். பிறப்புச் சான்றிதழையும் உறுதியையும் அவற்றின் போட்டோப் பிரதிகளையும் ஒரே பெட்டியில் வைத்து ஓடியவர்கள் நாம். பெட்டி தொலைந்தபோது எல்லாமே தொலைந்தன. கொழும்பிலோ கனடாவிலோ உறவினரிடம் ஒரு பிரதி கொடுத்து வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். பிரதிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு, அவை எங்கே இருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும்.

1955இல் வொன் நியூமனுக்குப் புற்றுநோய் கண்டது. கணினியையும் மூளையையும் ஒப்பிட்டு யேல் பல்கலைக்கழகத்துக்கான விரிவுரைகளை எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடிக்கவும் இல்லை, சென்று பேசவும் இல்லை. 1957 பெப்ரவரி 8இல், 53 வயதில், வோஷிங்டன் இராணுவ மருத்துவமனையில் காலமானார். அந்த விரிவுரைகள் மறு ஆண்டு முடிவுறாத நிலையிலேயே நூலாக வெளிவந்தன.