சால் ஹெர்ட்ஸ் கேட்ட கேள்வி

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது அயோடின் என்றால் எனக்கு மரவள்ளிக்கிழங்குதான் ஞாபகம். ஆசிரியை ஒரு சொட்டு விட்டதும் வெள்ளைத் துண்டு கருநீலமாகிவிடும். இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் படித்தேன். அதன் பிறகு அந்தப் பெயரைப் பெரியம்மாவின் வாயால்தான் கேட்டேன். தைராய்டு அதிகமாகச் சுரந்து, கை நடுங்கி, உடல் இளைத்துப் போயிருந்தார். கதிரியக்க அயோடின் மாத்திரை விழுங்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கதிரியக்கம் என்றதும் வீடே பயந்தது. பேச்சு ஹிரோஷிமா வரை போனது. அந்தப் பயத்தில் தேடிப் படித்தபோதுதான் சால் ஹெர்ட்ஸ் எனக்கு அறிமுகமானார்.

1905இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில், போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1929இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தைராய்டு பிரிவுக்குத் தலைமையேற்றார். அந்நாளில் இந்நோய்க்கு முக்கிய வழி, கழுத்தில் அறுவை செய்து சுரப்பியின் பெரும்பகுதியை எடுத்துவிடுவதே.

12 நவம்பர் 1936 அன்று எம்.ஐ.டி. தலைவர் கார்ல் காம்ப்டன் மருத்துவர்களிடையே உரையாற்றினார். முடிந்ததும் ஹெர்ட்ஸ், அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கமுள்ளதாக்க முடியுமா என்று கேட்டார். சிறிய கேள்விதான். ஆனால் அதன் பின்னாலிருந்த எண்ணத்தைப் பாருங்கள். உடலில் அயோடினைத் தேடித் தேடி உறிஞ்சுவது தைராய்டு. கதிர்வீசும் அயோடினைக் கொடுத்தால் அது தானாகவே அங்கே போய்ச் சேர்ந்து, மிகையாகச் சுரக்கும் செல்களை உள்ளிருந்தே அழிக்கும். கத்தி வேண்டாம். முடியும் என்று காம்ப்டன் அடுத்த மாதமே பதில் எழுதினார்.

இயற்பியலாளர் ஆர்தர் ராபர்ட்ஸ் அதைத் தயாரித்தார். (இவர் இயற்பியலாளர்களைக் கிண்டல் செய்து பாட்டெழுதியவரும்கூட!) முதலில் கிடைத்த அயோடின்-128, 25 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதை 48 முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சுரப்பி உறிஞ்சுவது உறுதியானது. சிகிச்சைக்கு மட்டும் அது போதவில்லை. சைக்ளோட்ரானில் அயோடின்-130 கிடைத்த பிறகு, 31 மார்ச் 1941 அன்று முதல் நோயாளியான ஒரு பெண்மணிக்கு அது கொடுக்கப்பட்டது.

1943இல் ஹெர்ட்ஸ் கடற்படையில் சேர்ந்தார். அவரது பணியை ஏர்ல் சாப்மன் தொடர்ந்தார். ஹெர்ட்ஸ் திரும்பியபோது, சாப்மனும் இயற்பியலாளர் ராப்லி எவன்ஸும் தங்கள் நோயாளிகளைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருந்தனர். ஹெர்ட்ஸ் பாதுகாப்புக்காகச் சாதாரண அயோடினும் கொடுத்து வந்தார். குணமாக்கியது எந்த அயோடின் என்ற கேள்வி அதனால் எழுந்தது. சாப்மன் அதைத் தவிர்த்து, அளவையும் கூட்டினார். மருத்துவ நியாயம் அவர் பக்கமும் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. மே 1946இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் இரு கட்டுரைகளையும் ஒரே இதழில் வெளியிட்டது. ஹெர்ட்ஸ் பழைய பதவிக்குத் திரும்பவில்லை. பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் பணியைத் தொடர்ந்தார். 1950இல் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 45.

பெரியம்மா மாத்திரையை விழுங்கிவிட்டுப் பின்னறையில் தனியாக இருந்தார். பேரன் கதவோரம் நின்று அழுதான். தூக்கக்கூடாதே என்று அவரும் அழுதார். நான் வாசலில் நாற்காலி போட்டு இந்தக் கதையைச் சொன்னேன். அந்த மனிதருக்குப் பிள்ளைகள் உண்டா என்றுதான் முதலில் கேட்டார். உண்டு என்றேன்.

கைநடுக்கம் இப்போது இல்லை. சுரப்பு குறைந்துவிட்டதால் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை போடுகிறார். பேரன்தான் தண்ணீர் எடுத்து வருகிறான்.